பட்டம் யாருக்குத் தேவை, எதற்குத் தேவை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். "டிகிரி முடிச்சவன் எல்லாம் பைக்ல சாப்பாடு டெலிவரி பண்ணிக்கிட்டிருக்கான், எதுக்கு நாலு வருஷத்தை வீணாக்கணும்?" என்று மாமா கேட்பார். "அதெல்லாம் இருக்கட்டும், ஒரு டிகிரியாவது கையில இருக்கணும்" என்று அம்மா சொல்வார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை.

ஆளுக்கு ஆள் மாறும் என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிட எனக்கு மனமில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நின்று தாங்கச் சொத்தோ, குடும்பத் தொழிலோ, கைதூக்கிவிடும் சொந்தமோ இல்லாத பிள்ளைக்கு இன்றைய தமிழ்நாட்டில் பட்டம் தேவை. ஆனால் அதைப் பதினெட்டு வயதிலேயே, நகையை அடகு வைத்து, கிடைத்த கல்லூரியில் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலான வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

டிகிரி வேண்டாம் என்பவர்கள் முதலில் எடுத்துவிடுவது பெரிய மனிதர்களின் பெயர்களை. காமராஜர் படித்தாரா? ஏ.ஆர். ரஹ்மான் படித்தாரா? சரி, அந்தப் பெயர்களையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். காமராஜர் பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டவர். ஆனால் அவர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா, ஊர் மக்கள் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து வளர்த்த பள்ளிக்கூடம். கடை வைத்துப் பிழைத்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. காமராஜரும் முதலமைச்சரான பிறகு ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார், 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். படிப்பில்லாமலும் உயரலாம் என்பதற்கு அவரைச் சாட்சியாக நிறுத்துவது அவர் செய்த வேலைக்கே எதிரானது.

ரஹ்மான் கதையும் அப்படித்தான். அவருடைய அப்பா ஆர்.கே. சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். வீட்டில் இசைக்கருவிகள் இருந்தன. அப்பா இறந்த பிறகு, சிறு வயதிலேயே பெரிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்துத் தொழிலைக் கற்றார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது உண்மை. பயிற்சி ஒருநாளும் நிற்கவில்லை.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஊரின் தலையெழுத்தே மாறியது. அவர்களுக்குப் பின்னால் ஒரு வணிகச் சமூகம் இருந்தது, சரக்கை வாங்கவும் விற்கவும் ஆட்கள் இருந்தார்கள். திருப்பூர் பனியன் தொழிலில் பட்டம் இல்லாமல் முதலாளிகளானவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கேயும் முதல் மெஷின் வாங்கப் பணம் கொடுத்தது யார், முதல் ஆர்டர் கொடுத்தது யார் என்று விசாரித்தால், பாதிக் கதைகளில் ஒரு மச்சானோ பங்காளியோ வந்து நிற்பார். பட்டம் இல்லாமல் ஜெயித்தவர்கள் வெறுங்கையோடு ஜெயித்தவர்கள் அல்லர். பட்டத்துக்குப் பதிலாக வேறொன்று அவர்களிடம் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளையிடம் அந்த வேறொன்று இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

அடுத்து, வேலையின்மைக் கணக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஓர் எண் வந்தது. 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். "படித்தால் வேலை கிடைக்காது" என்று இது வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அந்த எண்ணை அப்படிப் படிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார முடியாது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பு எரியாது. கிடைத்த வேலைக்குப் போவார், புள்ளிவிவரத்தில் "வேலையில் இருப்பவர்" ஆகிவிடுவார். பட்டதாரி காத்திருக்கிறார். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறார், வங்கித் தேர்வு எழுதுகிறார், சென்னையில் ரூம் எடுத்து இன்டர்வியூ போகிறார். அந்தக் காத்திருப்புதான் வேலையின்மையாகக் கணக்கில் ஏறுகிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இதை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியது. 25 வயதுக்குக் கீழுள்ள பட்டதாரிகளில் வேலையின்மை 40 சதவீதத்துக்கு மேல், 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, கடைசியில் எல்லோரும் ஏதோ ஒரு வேலைக்குள் போய்விடுகிறார்கள். அது படித்த படிப்புக்கேற்ற வேலையா, அல்லது காத்திருந்து அலுத்துப்போய் ஏற்றுக்கொண்டதா என்பதை இந்த எண்கள் சொல்லாது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடும் பெண்ணும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான்.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தியா முழுமைக்கும் அது 28.4. இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. தெருவுக்கு ஒருவர் பட்டதாரியாக இருந்த காலத்தில் பட்டம் ஒருவரைத் தனித்துக் காட்டியது. வீட்டுக்கு ஒருவர் பட்டதாரியான பிறகு, பட்டம் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை, இல்லாததுதான் கண்ணில் படுகிறது. டிகிரியின் மதிப்பு குறைந்துவிட்டது என்பதும், டிகிரி இல்லாமல் முடியவில்லை என்பதும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் உண்மையாகியிருக்கின்றன. மாமாவும் அம்மாவும் ஒரே விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் காவல் துறையைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். உதவி ஆய்வாளர், அதாவது எஸ்.ஐ., ஆக ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் காவலராகச் சேரும் ஒருவர் முதல்நிலைக் காவலராகி, தலைமைக் காவலராகி, சிறப்பு உதவி ஆய்வாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தலை நரைக்கும் வயதில் தோளில் அந்த நட்சத்திரங்கள் ஏறுகின்றன. அதே ஊரில் ஒரு பி.ஏ. முடித்த இளைஞர் தேர்வெழுதி, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் நேரடியாக எஸ்.ஐ. ஆக வந்து நிற்கிறார். மூத்தவர் அவருக்கு சல்யூட் அடிக்கிறார். திருட்டு வழக்கை எப்படி விசாரிப்பது, கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்பதெல்லாம் மூத்தவருக்கு அத்துபடி. அந்த பி.ஏ.வில் இளையவர் படித்தது வரலாறாக இருக்கலாம், தாவரவியலாகவும் இருக்கலாம். வேலைக்கும் படித்த பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இருபது ஆண்டு இடைவெளியை அந்தத் தாள் நிரப்பிவிடுகிறது. அதனால்தான் காவலர் குடியிருப்புகளில் இரவுப் பணி முடித்துவிட்டுத் தொலைநிலைக் கல்விப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வு இதற்கு மறுபக்கம். அதன் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். 2024இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் ஏராளம். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட ஒருவர், தனக்காக வைக்கப்பட்ட இடத்துக்கு எம்.எஸ்சி. படித்தவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. விதியில் பட்டம் தேவையில்லை, போட்டியில் தேவைப்படுகிறது.

தொலைநிலையில் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லும் என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணை போட்டது. அதற்கு முன்பு திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப்படிப்பு இல்லாமலேயே நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர், அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் வரை அலைந்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு அன்றுதான் விஷயமே தெரிந்தவர்களும் உண்டு. தேர்வில் ஜெயித்துவிட்டு மேசைக்கு முன்னால் நின்று "இது செல்லாதுங்க" என்று கேட்பதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கலாம் என்று யாராவது கோச்சிங் சென்டரில் சொன்னால் நம்ப வேண்டாம்.

தனியார் துறைக்கு வருவோம். ஐடியில் திறமை இருந்தால் போதும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஜோஹோ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தந்து வேலையும் கொடுக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஊரிலிருந்தே மென்பொருள் எழுதுகிறார்கள். இதைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர். உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால்தான் கல்லூரி தராதது என்ன என்று அவருக்குத் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால் இப்படியொரு வாசலைத் திறந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹெச்சிஎல் நிறுவனமும் பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களை எடுக்கிறது. அவர்களுக்கு வேலையோடு சேர்த்து டிகிரி படிக்கவும் ஏற்பாடு செய்கிறது. பள்ளி முடித்தவரால் வேலையைச் செய்ய முடியும் என்று நம்பும் நிறுவனமே, அடுத்த படிகளுக்குப் பட்டம் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

அந்த அடுத்த படிகளில் ஒன்று வெளிநாடு. அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ வேண்டும். ஈடு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? கல்லூரியில் படிக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று ஆண்டு வேலை அனுபவம். பட்டமே இல்லாதவர் நான்காண்டுப் படிப்புக்கு ஈடுகட்டப் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். நம்முடைய மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். மட்டும் வைத்திருப்பவர்களும் குறையும் ஓர் ஆண்டுக்கு ஏதாவது காட்ட வேண்டி வருகிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக்கூட இந்தக் கோடு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட், முடிக்காவிட்டால் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். இராமநாதபுரம் பக்கம் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் இளைஞர்களில் பலர் இதற்காகத்தான் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பெரிய கம்பெனிகள் "டிகிரி கட்டாயமில்லை" என்று அறிவித்து வருகின்றன. 2022இல் மேரிலாந்து மாநில அரசே ஆயிரக்கணக்கான பணியிடங்களுக்கு அந்த விதியை நீக்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அறிவிப்புகளால் உண்மையில் மாறியது எழுநூறு பணி நியமனங்களில் ஒன்றுகூட இல்லை என்றது. விளம்பரத்தில் வரியை நீக்குவது சுலபம். நூறு ரெஸ்யூமேக்களைப் புரட்டும் மேனேஜர் பழைய பழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். நம் ஊர் கேம்பஸ் இன்டர்வியூவில் பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதும் அதே பழக்கம்தான். ஆளைத் தெரிந்துகொள்வதைவிட வடிகட்டுவது எளிது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளின் நிலை. அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் ஒரு சிஎன்சி பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். டிராயிங்கைப் பார்த்தவுடன் எந்த டூல், எவ்வளவு வேகம், ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய உலோகத் துண்டை, எங்கே பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டி எடுப்பவர் பெரும்பாலும் ஐடிஐ முடித்தவர். புதிதாக வந்த பி.இ. பட்டதாரி ஆறு மாதம் அவரிடம்தான் கற்றுக்கொள்வார். அப்புறம் அந்த பி.இ. சூப்பர்வைசர் ஆகிவிடுவார், இவர் பதினைந்து வருடம் கழித்தும் ஆபரேட்டராகவே இருப்பார். ஜெர்மனியில் இப்படி ஒரு தொழிலாளி பயிற்சி முடித்து, அனுபவம் சேர்த்து, மைஸ்டர் எனப்படும் தொழில் வல்லுநர் தேர்வில் தேறினால், அந்த நாட்டின் தகுதிப் பட்டியலில் அவருக்கு ஆறாம் நிலை. இளநிலைப் பட்டதாரிக்கும் அதே ஆறாம் நிலைதான். மைஸ்டர் சொந்தப் பட்டறை வைக்கலாம், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், ஊரில் மரியாதையும் உண்டு. இங்கே கைவேலையில் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்குப் பெயரும் இல்லை, படியும் இல்லை. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைப் புதுப்பித்து ரோபோ, நவீன இயந்திரங்களை எல்லாம் கொண்டுவந்தது நல்ல வேலை. மெஷின் வந்துவிட்டது, அதை ஓட்டுபவருக்கான பதவி உயர்வு இன்னும் வரவில்லை. பல தொழிற்சாலைகளில் டிப்ளமோ முடித்தவரை "டிரெய்னி" என்ற பெயரில் ஓரிரு ஆண்டு வைத்திருந்து, பிறகு அடுத்த பேட்சை எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் "எல்லோரும் ஏன் டிகிரிக்கு ஓடுகிறார்கள்" என்று பெற்றோரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பட்டத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. கல்லூரியில் படிக்கும் மூன்று ஆண்டு, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் மூன்று ஆண்டு. தமிழ்நாடு அரசின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு எட்டு கிராம் தங்கம் என்று ஒரு கட்டத்தில் இருந்தது. 2022இல் அந்தத் திட்டத்தைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் போட்டார்கள். கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்கு வந்தது. அந்த ஆயிரம் ரூபாயில் பஸ் பாஸும் தேர்வுக் கட்டணமும் போக மிச்சமிருக்காது, ஆனால் "நீ படிக்கிறதுக்கு கவர்மென்ட்டே காசு கொடுக்குது" என்று வீட்டில் வாதாட ஒரு பெண்ணுக்கு அது உதவும். இங்கே "வேலைக்கு டிகிரி தேவையா" என்று கேட்பவர், அந்தப் பெண்ணுக்கு மாற்றாக என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டம் வேண்டாம் என்று நிறுத்தப்பட்ட பையன் தொழில் கற்கப் போவான். பெண்ணை அப்படி அனுப்பும் வீடுகள் குறைவு.

இனி அந்த இரண்டாவது பாதி. பட்டம் வேண்டும், ஆனால் எப்போது, எந்த வழியாக? நடுத்தர மதிப்பெண் எடுத்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பொறியியல் கவுன்சலிங்கில் பெயர் தெரியாத ஒரு செல்ஃப் பைனான்ஸ் கல்லூரி கிடைக்கிறது. நான்கு ஆண்டுக் கட்டணம், பஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து சில லட்சங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர் என்றால் அரசே செலவை ஏற்கிறது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் தயங்காமல் சேரலாம். இரண்டும் இல்லாமல், மேனேஜ்மென்ட் கோட்டாவில், கடன் வாங்கிச் சேர்வதென்றால் அந்தக் கல்லூரியில் சென்ற ஆண்டு எத்தனை பேர் அரியர் இல்லாமல் தேறினார்கள் என்று முதலில் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதப் பட்டியலில் கல்லூரி வாரியாகத் தெரிந்துகொள்ளலாம். கல்லூரி விளம்பரப் பலகையில் இருக்கும் பிளேஸ்மென்ட் படங்களைவிட அந்தப் பட்டியல் நம்பகமானது. பாதிப் பேர் தேறாத கல்லூரியில் நான்கு ஆண்டு போனால் கையில் மிஞ்சுவது கடனும் அரியரும். ஐடி கம்பெனிகள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பல ஆண்டுகளாகப் பெரிதாக நகரவில்லை என்பதையும் கடன் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அதே பையன் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தால் மூன்று ஆண்டில் டிப்ளமோ. அதன் பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கே போகலாம், அல்லது சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகலாம். ஐடிஐயில் சேர்ந்தவருக்கும் வழி அடைபடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஈராண்டு ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்றிதழ் வாங்கலாம், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். சி.ஏ. படிக்க பி.காம். முடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவுடனேயே பவுண்டேஷன் தேர்வு எழுதலாம், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்டிகிள்ஷிப்பில் சிறிதாக ஒரு தொகையும் வரும்.

இந்த வழிகளில் போகும் பிள்ளை பத்தொன்பது, இருபது வயதில் சம்பாதிக்கத் தொடங்கும், தொழில் கைக்கு வரும், பட்டம் இருபத்தைந்து வயதில் வந்து சேரும். அந்தப் பட்டத்துக்கு வீட்டில் யாரும் கடன்பட்டிருக்க மாட்டார்கள். எந்த வழியில் போனாலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதன் இணைச் சான்றிதழ், டி.சி. ஆகியவற்றின் ஒரிஜினல்கள் வீட்டில் இருக்க வேண்டும். கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரியில் சான்றிதழ்கள் மாட்டிக்கொண்டு, பாதியில் நின்ற படிப்பும் தொடர முடியாமல், வேறு படிப்பிலும் சேர முடியாமல் நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்படிப் பிடித்து வைக்கக் கல்லூரிகளுக்கு உரிமை இல்லை என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. எழுத்துமூலமாகக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் அந்தக் கடித நகலோடு புகார் கொடுங்கள்.